செட்டிபாளையத்துல நாலு வாகனம் பட்ட விபத்து: நட்டஈடு யாரிட்ட கேக்குறது?

தம்பி கேட்டத முதல்ல சுருக்கமாச் சொல்லிடுறன், வாசிக்கிற மத்தவங்களுக்கும் விளங்கணும். இவர்ட அக்காட புருசன் ஓட்டோ ஓட்டுறவர். இரவு ஏழரை போல மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடில இருந்து ஆரையம்பதிக்கு ஒரு வயசான அம்மாவ ஏத்திக்கொண்டு வந்திருக்கார். செட்டிபாளையத்துக்கிட்ட எதிர்ப்பக்கத்தால கல்முனைய நோக்கி ஒரு லேண்ட்மாஸ்டர் (பின்னுக்குப் பெட்டி பூட்டி ஓட்டுற ரெண்டு சில்லு உழவு மெசின்) போயிருக்கு, பெட்டி நிறைய நெல்லு மூட்டை, பின்னுக்கு லைட்டும் இல்ல ஒண்டுமில்ல. அதுக்குப் பின்னால வந்த வேன் கடைசி நேரத்துல கண்டு பிரேக் அடிக்க, வேனுக்குப் பின்னால வந்த லொறி வேன்ல அடிக்க, வேன் வலப்பக்கம் தள்ளுப்பட்டு வந்து ஓட்டோவுக்கு முன்னால அடிச்சிருக்கு. மச்சானுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சி பிளேட் வச்சிருக்காங்க, அந்த அம்மாவுக்கு தோள்மூட்டு. லேண்ட்மாஸ்டர்காரர் நிக்காமப் போயிட்டார். இப்ப வேன்காரர் லொறில பிழை எண்டுறார், லொறிக்காரர் வேன்ல பிழை எண்டுறார், ரெண்டு பேரும் சேந்து லேண்ட்மாஸ்டர்ல பிழை எண்டுறாங்க. இதுக்குள்ள லொறி முதலாளிட ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து 50,000 ரூவா தாறம் இந்தக் கடிதத்துல கையெழுத்து வைங்க எண்டு நிக்கிறாராம். கையெழுத்து வைக்கலாமா, காச யாரிட்ட கேக்குறது, எவ்வளவு கேக்கலாம், பொலிஸ் கேஸ் முடியும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கணுமா, இதுதான் கேள்வி.

நான் கன காலம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பக்கம் இருந்த ஆள், இப்பவும் லோயர்மார் சிலருக்கு விபத்து பைல் பாத்துக் குடுக்கிறன். அதால சுத்தி வளைக்காம சொல்றன், கையெழுத்து வைக்க வேணாம். அந்தக் கடிதத்துல "இந்த விபத்து சம்பந்தமா இனி எந்தக் கோரிக்கையும் இல்ல" எண்டு ஒரு வரி கட்டாயம் இருக்கும், அந்த ஒரு வரிக்குத்தான் அவர் 50,000 தாறார், காலுக்கு இல்ல. பிளேட் வச்ச கால் எப்பிடி வரும் எண்டு இப்ப டொக்டருக்கே சொல்லேலாது, பொருந்தாமப் போகலாம், புண் வைக்கலாம், பொறகு பிளேட்டக் கழட்ட இன்னொரு ஒப்பரேசன் வரலாம், ஓட்டோ பிரேக் வலது காலால மிதிக்கிற ஆளுக்கு முழங்கால் மடங்காட்டி தொழிலே போயிடும். நட்டம் எவ்வளவு எண்டே தெரியாத நேரத்துல இறுதிக் கடிதம் குடுக்கிற ஆள் எப்பவும் நட்டப்படுவான். அவர் மனசார உதவி செய்யத்தான் வாறார் எண்டா காச வாங்கலாம், ஆனா "வைத்தியச் செலவுக்கு முற்பணமாக, உரிமைகள எதையும் விட்டுக்குடுக்காம" எண்டு நீங்க எழுதின துண்டுல கையெழுத்துப் போட்டு வாங்குங்க. அதுக்கு அவர் ஒத்துக்கிட்டா நல்ல மனுசன், ஒத்துக்காட்டி அவர் வந்த நோக்கம் என்னண்டு விளங்கிடும்.

சரி, யார்ல பிழை. இங்கதான் எல்லாரும் தடுமாறுற இடம். நம்ம ஆக்கள் ஒரு விபத்தெண்டா ஒரே ஒரு குற்றவாளியத் தேடுவாங்க, அந்த ஆளப் பிடிச்சாத்தான் காசு, பிடிக்காட்டி இல்ல எண்டு. சட்டம் அப்பிடி இல்ல. நம்ம இலங்கைல விபத்து நட்டஈடு ரோமன் டச்சுச் சட்டத்துல (ஒல்லாந்தர் காலத்துல வந்த பொதுச் சட்டம்) இருந்து வாறது, கவனயீனத்தால நட்டம் வந்தா அதுக்குக் காரணமானவர் கட்டணும் எண்டதுதான் அடிப்படை. பலபேர்ட கவனயீனம் சேந்தா என்ன செய்யிறது எண்டதுக்கு 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு, பங்களிப்புக் கவனயீனம் (காயப்பட்டவர்லயும் பிழை இருக்கிறது), கூட்டுத் தவறாளர் (பிழை சேந்து ஒரே நட்டத்துக்குக் காரணமான பலபேர்) பத்தின சட்டம். அதுல ரெண்டு விசயம் முக்கியம். ஒண்டு, கூட்டுத் தவறாளர்ல யாரிட்டயும், இல்லாட்டி எல்லாரிட்டயும் சேத்து, காயப்பட்டவர் முழு நட்டத்தயும் கேக்கலாம். மற்றது, காயப்பட்டவரிலயும் பிழை இருந்தா அந்தப் பங்குக்கு நட்டஈடு குறையும்.

ஒரு கணக்கா சொல்றன். மச்சான்ட நட்டம் 10 லட்சம் எண்டு வைங்க. கோட்ஸ் பாத்து லொறில 60 வீதம், வேன்ல 15, லேண்ட்மாஸ்டர்ல 25 எண்டு கண்டா, லேண்ட்மாஸ்டர்காரர் யாரெண்டே தெரியாட்டியும் பரவாயில்ல, மச்சான் லொறிக்காரரிட்டயே முழு 10 லட்சத்தயும் எடுக்கலாம். லொறிக்காரர் பொறகு வேன்காரரிட்ட அவர்ட பங்கக் கேட்டு சண்ட பிடிச்சிக்கட்டும், அது அவங்கட தலையிடி. அதால அவங்க ரெண்டு பேரும் ஒராள ஒராள் கை காட்டிக்கொண்டு நிக்கிறதப் பாத்து நீங்க கலங்கத் தேவையில்ல. "எனக்கு 60 வீதம்தான், மீதிய லேண்ட்மாஸ்டர்காரன்ட போய்க் கேளுங்க" எண்டு லொறிப் பக்கம் சொன்னா, அது அவங்களுக்குள்ள பேசுற கதை, உங்களிட்ட பேசுற கதை இல்ல. ஆனா இதுக்காக ஒராள்ல மட்டும் வழக்கப் போட்டுட்டு நிக்கவும் கூடாது, லொறி ட்ரைவர், லொறி உரிமையாளர், வேன் ட்ரைவர், வேன் உரிமையாளர் எண்டு எல்லாரயும் ஒரே வழக்குல சேக்கிறதுதான் புத்தி. ஒராள்ல மட்டும் போட்டு, அவர்ல பிழையே இல்ல எண்டு வந்தா அதுக்குள்ள மத்தவர்ல போடுற காலம் போயிருக்கும்.

இப்ப ஒவ்வொரு வாகனமா பாப்பம். பின்னால அடிச்சவர்லதான் பிழை எண்டு எல்லாரும் சொல்றது முக்கால்வாசி சரி. முன்னுக்குப் போற வாகனம் எந்த நேரமும் நிக்கலாம், அதுக்கேத்த இடைவெளி விட்டுப் போறது பின்னால வாறவர்ட கடமை. அதால லொறிக்காரர் தொடக்கத்துலயே பாரம் கூடின இடத்துலதான் நிக்கிறார். அவர் தப்பணுமெண்டா வேன்ட பிரேக் லைட் எரியல்ல, இல்லாட்டி வேன் திடீரெண்டு குறுக்க வந்து பூந்தது எண்டு காட்டணும்.

வேன்தான் இதுல சிக்கலான ஆள். சங்கிலி போல மோதுற விபத்துல நடுவுல மாட்டின வாகனத்துட்ட கேக்க வேண்டிய கேள்வி, பின்னால அடி விழ முதல் நீ முன்னுக்கு அடிச்சிட்டியா இல்லையா எண்டதுதான். சாட்சிக்காரர்ட்ட போய் யார்ல பிழை எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை வரும், ஆனா ஒரு சத்தமா கேட்டிச்சு ரெண்டு சத்தமா கேட்டிச்சு எண்டு கேட்டா பெரும்பாலும் சரியா சொல்லுவாங்க, வீட்டுக்குள்ள இருந்த ஆள்கூட சொல்லுவார். வேன்ட இடப்பக்க முன் மூலையப் போய்ப் பாருங்க. லேண்ட்மாஸ்டர் பெட்டிட விளிம்பு பட்ட கீறல், அந்தப் பெட்டிட பெயின்ட் ஒட்டின அடையாளம் இருந்தா, வேன் முதல்ல லேண்ட்மாஸ்டர்ல தட்டியிருக்கு, அப்ப வேன்காரரும் இடைவெளி விடாம, இல்லாட்டி வேகமா வந்தவர்தான். இடப்பக்கம் சுத்தமா இருந்து வலப்பக்க முன்பகுதி மட்டும் ஓட்டோ பட்டு நெளிஞ்சிருந்தா, அவர் நிப்பாட்டிட்டார், லொறிதான் தள்ளிக்கொண்டு வந்திருக்கு எண்ட பக்கம் சாயும். பின்பக்கத்தயும் பாருங்க, பிரேக் பிடிக்கிற நேரம் வாகனத்துட மூக்கு குனிஞ்சி பின்பக்கம் கொஞ்சம் எழும்பும், அதால லொறி பம்பர் வேன்ல வழமைய விட கீழ பட்டிருக்கும். வேன்ட பிரேக் லைட் பழைய மாதிரி பல்ப் எண்டா அத உடைக்காமக் கழட்டி வைக்கச் சொல்லுங்க, எரிஞ்சிகொண்டிருந்த நேரம் அடி விழுந்தா உள்ளுக்குள்ள இருக்கிற கம்பி சூட்டுல இழுபட்டு சுருள் விரிஞ்சிருக்கும், எரியாம இருந்திருந்தா அப்பிடி இருக்காது. எல்ஈடி லைட் எண்டா இந்த வேல சரிவராது.

இன்னொண்டு, வேன் தள்ளுப்பட்டு வலப்பக்கம் வந்ததா, இல்லாட்டி லேண்ட்மாஸ்டர வெட்டி ஓவர்டேக் பண்ணப் போய் அவரே வந்தாரா. அவரே ஸ்டேரிங்க வெட்டியிருந்தா டயர் அடையாளம் ஒரு வளைவா வரும், தள்ளுப்பட்டிருந்தா டயர் பக்கவாட்டுல தேஞ்ச அடையாளம் வரும். எந்த இடத்துல மோதினது எண்டதுக்கு வாகனம் கடைசியா நிண்ட இடத்தப் பாக்கக் கூடாது, அடி விழுந்த நொடில மட்கார்ட்டுக்குக் கீழ ஒட்டியிருக்கிற காஞ்ச சேறும் கண்ணாடித் துண்டும் எங்க கொட்டுது எண்டு பாக்கணும், அது ஓட்டோட பக்கத்து லைன்ல கிடந்தா மச்சான் தன்ட பக்கத்துலதான் வந்தார் எண்டதுக்கு அத விடப் பெரிய சாட்சி இல்ல. இதெல்லாம் மழை பெஞ்சா, பஸ் நாலு போனா அழிஞ்சிடும், அதால யாரிட்டயாவது அந்த இரவு எடுத்த போட்டோ, வீடியோ இருந்தா இண்டைக்கே வாங்கி வைங்க. றோட்டுக்கரைக் கடைகள்ல சீசீடீவி கமரா இருக்கு, அதுகள் கொஞ்ச நாள்ல பழசுக்கு மேலால புதுசு பதிஞ்சிடும், கடைக்காரரிட்ட மரியாதையாக் கேட்டு ஒரு கொப்பி எடுங்க, பொலிசுக்கும் இன்ன கடைல கமரா இருக்கு எண்டு சொல்லி வைங்க. லேண்ட்மாஸ்டர் எங்க இருந்து வந்தது எண்டதும் அதுலதான் பிடிபடும், நெல்லு மூட்டையோட போன லேண்ட்மாஸ்டர் எந்த மில்லுக்குப் போனது எண்டு விசாரிச்சா ஊருக்குள்ள தெரியாம இருக்காது.

லேண்ட்மாஸ்டர்காரர்ல பிழை இருக்கு, அதுல கதை இல்ல. இருட்டுக்குள்ள லைட் இல்லாம பெட்டியப் பூட்டிக்கொண்டு பெரிய றோட்டுக்கு ஏறினதும் பிழை, விபத்து நடந்து நிக்காமப் போனது மோட்டார் வாகனச் சட்டப்படி தனிக் குற்றம். வெள்ளாம வெட்டுற காலம் வந்தா அக்கரைப்பற்றுல இருந்து வாழைச்சேன வரைக்கும் இதே கூத்துத்தான், ரிப்ளெக்டர் ஒண்டு வாங்கி ஒட்டுறதுக்கு ஏன் இவ்வளவு பஞ்சி எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல. ஆனா அவர்ல பிழை இருக்கிறதால மத்த ரெண்டு பேரும் சுத்தம் எண்டு ஆகாது. அறுவடைக் காலத்துல இந்த றோட்டுல லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் வரும் எண்டு இங்க வாகனம் ஓட்டுற எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் அவ்வளவு வேகமா, அவ்வளவு கிட்ட ஏன் வந்த எண்டுதான் கோட்ஸ்ல கேப்பாங்க. கட்டாக்காலி மாடு குறுக்க வந்தாலும் இதே கதைதான். மாட்டுச் சொந்தக்காரர்ட்ட நட்டஈடு கேக்க சட்டத்துல வழி இருக்கு, குறி சுட்ட மாடெண்டா யார்ட எண்டும் கண்டுபிடிக்கலாம், ஆனா செத்த மாட்டுக்கு நான்தான் சொந்தக்காரன் எண்டு வந்த ஆள நான் கண்டதில்ல.

மச்சான்ட பக்கத்தயும் எதிர்ப்பக்க லோயர் சும்மா விட மாட்டார். ஓட்டோ ஹெட்லைட் எரிஞ்சதா, நடுக்கோட்டுக்குக் கிட்ட வந்தாரா, லைசன்ஸ் இருக்கா, குடிச்சிருந்தாரா எண்டு எல்லாம் வரும். அவர்ல 10 வீதம் பிழை எண்டு வந்தா 10 லட்சத்துல 9 லட்சம்தான் கிடைக்கும், அவ்வளவுதான், உரிமையே போயிடாது. ஆனா பின்னுக்கு இருந்த அம்மாட நிலம வேற. அவங்க ஒண்டும் ஓட்டல்ல, அவங்கள்ல பிழை சொல்ல இடமே இல்ல, அதால முழு நட்டமும் கிடைக்கணும். இதுல ஒரு சங்கடம் இருக்கு, கேக்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த அம்மா லொறில, வேன்ல மட்டும் இல்ல, மச்சான்லயும் வழக்குப் போடலாம். ஹயருக்கு ஏத்தின ஆள் எண்டதால ஓட்டோட மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸும் (மத்தவங்களுக்கு வாற நட்டத்துக்கு மட்டும் கட்டுறது) அதுக்குள்ள வரும். அதால அவங்களுக்கும் மச்சானுக்கும் ஒரே லோயரப் பிடிக்காதீங்க, பொறகு நடுவுல சிக்கல் வரும். மச்சான் தன்ட இன்சூரன்ஸுக்கு விபத்த உடனே அறிவிக்கணும், பிழை அவர்ல இல்லாட்டியும் அறிவிக்கணும்.

பொலிஸ் கேஸ் முடியும்வரை இருக்கலாமா எண்டு கேட்டீங்க. இருக்க வேணாம். பொலிஸ் கேஸ் நீதவான் கோட்ஸ்ல நடக்கிறது, அது ட்ரைவருக்குத் தண்டன குடுக்கிற வேல, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துல, அங்க எது கூடுதலா நம்பக்கூடியது எண்டு பாத்தாப் போதும். லொறி ட்ரைவர் நீதவான் கோட்ஸ்ல விடுதலையானாலும் நட்டஈட்டு வழக்குல தோக்கலாம். மறுவளமா அவர் குற்றத்த ஒத்துக்கிட்டு பைன் கட்டினா அந்தப் பதிவுட கொப்பிய எடுத்து வைங்க, நட்டஈட்டு வழக்குல அவர்ட வாயாலயே சொன்னதா அதக் காட்டலாம். நீதவானும் தண்டனயோட நட்டஈடு கட்டச் சொல்லி உத்தரவு போடலாம், ஆனா உடைஞ்ச காலுக்கும் போன தொழிலுக்கும் அது காணாது.

ஏன் காத்திருக்கக் கூடாது எண்டா, வழக்குப் போடுற காலக்கெடுவச் சொல்ற ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கம், அதுல 9ஆம் பிரிவு. நட்டம், காயம், சேதம் இதுகளுக்கு வழக்கு 2 வருசத்துக்குள்ள போடணும். விபத்து நடந்த நாள்ல இருந்து 2 வருசம், பொலிஸ் கேஸ் முடிஞ்ச நாள்ல இருந்து இல்ல, ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள்ல இருந்து இல்ல, இன்சூரன்ஸ்காரர் "பைல் ஹெட் ஒபிஸ்ல இருக்கு" எண்டு சொன்ன நாள்ல இருந்து இல்ல. பேசிக்கொண்டிருக்கிறம் எண்டதால காலம் நிக்காது. பொலிஸ் கேஸே 2 வருசத்தத் தாண்டி இழுபடுறது சர்வசாதாரணம். கையில நல்ல சாட்சி, நல்ல ரிப்போட் எல்லாம் வச்சிக்கொண்டு திகதி போனதால வெறுங்கையோட நிண்ட குடும்பங்கள நான் கண்டிருக்கன், அதால இந்தத் திகதிய வீட்டுச் சுவர்லயே எழுதி ஒட்டுங்க.

இன்னொரு சின்னக் காலக்கெடு இருக்கு, அது இன்னும் ஆபத்து, ஏனெண்டா லோயர்மாரே சில நேரம் தவற விடுறது. நம்ம நாட்டுல காயப்பட்டவர் நேரா இன்சூரன்ஸ் கம்பனில வழக்குப் போடுறதில்ல, ட்ரைவர்லயும் உரிமையாளர்லயும் போட்டு தீர்ப்பு எடுத்தா அந்தத் தீர்ப்புக் காச இன்சூரன்ஸ் கட்டணும், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் 105ஆம் பிரிவு. ஆனா 106ஆம் பிரிவு என்ன சொல்லுதெண்டா, வழக்குப் போட முதல், இல்லாட்டி போட்டு 7 நாளுக்குள்ள, இன்சூரன்ஸ் கம்பனிக்கு அறிவித்தல் குடுத்திருக்கணும். குடுக்காட்டி தீர்ப்பு உங்க பக்கம் வந்தாலும் கம்பனி கட்டத் தேவையில்ல, நீங்க அந்த லொறி ட்ரைவர்ட சேட்டுப் பொக்கெட்டத் தடவிக்கொண்டு நிக்க வேண்டியதுதான். அதால வழக்குப் பத்திரத்துல கையெழுத்து வைக்கிற அண்டைக்கே லோயர்ட்ட "லொறி இன்சூரன்ஸுக்கும் வேன் இன்சூரன்ஸுக்கும் நோட்டிஸ் அனுப்பியாச்சா, ரிஜிஸ்டர் தபால் துண்டக் காட்டுங்க" எண்டு கேளுங்க. கூச்சப்படாமக் கேளுங்க.

எந்தக் கம்பனி எண்டு எப்பிடித் தெரியும்? பொலிஸ்ல விபத்துப் பதிவு செய்யிற நேரம் எல்லா வாகனத்துட இன்சூரன்ஸ் அட்டையும் பாப்பாங்க, அந்த விபரத்த எடுங்க. லொறிட உரிமையாளர் விபரம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல நம்பரக் குடுத்து எடுக்கலாம். இங்க இன்னொரு கண்ணி இருக்கு, ஓப்பன் பேப்பர். கன லொறி, வேன் எல்லாம் வாங்கினவர்ட பேருக்கு மாத்தாம பழைய ஆள்ட பேர்லயே ஓடுது. வாகனப் பதிவுப் புத்தகத்துல ஒராள், கையில வச்சி ஓட விடுற முதலாளி வேற ஆள். ட்ரைவர சம்பளத்துக்கு வச்சி தன்ட வேலைக்கு அனுப்பின முதலாளிதான் ட்ரைவர்ட பிழைக்குப் பொறுப்பு, அதால புத்தகத்துல இருக்கிறவர், உண்மையான முதலாளி, ட்ரைவர் மூண்டு பேரயும் சேத்துப் போடுறதுதான் பாதுகாப்பு. லொறி லீசிங்ல ஓடினா லீசிங் கம்பனிட பேரும் புத்தகத்துல இருக்கும், அதப் பாத்து குழம்ப வேணாம், கடன் குடுத்த கம்பனி ட்ரைவர அனுப்பினதில்ல. முன்னுக்கு வந்தது ஆமி ட்ரக், அரசாங்கத் திணைக்கள வாகனம் எண்டா வேற, அரசாங்கத்துக்கு எதிரா வழக்குப் போட முதல் ஒரு மாச முன்னறிவித்தல் குடுக்கணும், அதயும் அந்த 2 வருசத்துக்குள்ள கணக்குப் பாக்கணும்.

லொறி தம்புள்ளையோ அம்பாறையோ எங்க இருந்து வந்திருந்தாலும் நீங்க அங்க ஓடத் தேவையில்ல, விபத்து நடந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்துல போடலாம். தொகை சின்னதெண்டா முதல்ல மத்தியஸ்த சபைக்குப் போய், தீரல்ல எண்ட சான்றிதழோடதான் கோட்ஸுக்கு வரணும், மச்சான்ட கால் அந்த அளவுக்குள்ள வாற விசயம் இல்ல எண்டு நினைக்கிறன், ஓட்டோ சேதம் மட்டும் எண்டா வரலாம். லோயருக்குக் குடுக்கக் காசு இல்லாட்டி மட்டக்களப்புல சட்ட உதவி ஆணைக்குழுட ஒபிஸ் இருக்கு, வருமானத்தப் பாத்து எடுப்பாங்க.

பொலிஸ் வாக்குமூலம் பத்தி ஒண்டு கட்டாயம் சொல்லணும். மச்சான்ட வாக்குமூலத்த கட்டில்ல வச்சே எடுத்திருப்பாங்க, ஊசி போட்ட மயக்கத்துல என்ன சொன்னார் எண்டு அவருக்கே தெரியாம இருக்கும். நம்ம பக்கம் தமிழ்ல எழுதச் சொல்லிக் கேக்குறது உரிமை, சிங்களத்துல எழுதினா வாசிச்சி விளங்கப்படுத்தாம கையெழுத்து வைக்கக் கூடாது. ஏற்கனவே வச்சிட்டார் எண்டா, விடுபட்டது இருக்கு எண்டு சொல்லி மேலதிக வாக்குமூலம் குடுக்கலாம். பொலிஸ் வரைஞ்ச ஸ்கெட்ச்சயும் பாருங்க, மோதின இடம் எந்த லைன்ல குறிச்சிருக்கு, றோட்டுக்கரைல இருந்து எத்தன அடி எண்டு. பொறகு அதுட உறுதிப்படுத்தின கொப்பி, வாகனப் பரிசோதகர் லொறிட பிரேக்கப் பாத்துக் குடுத்த ரிப்போட், சட்ட வைத்திய அதிகாரிட (கோட்ஸுக்காக காயத்தப் பாத்து எழுதுற டொக்டர்) ரிப்போட் எல்லாம் நீதவான் கோட்ஸ் பைல்ல இருந்து எடுக்கலாம். சட்ட வைத்திய அதிகாரிட்ட காட்டாமலே ஆஸ்பத்திரில டிக்கெட் வெட்டிக்கொண்டு வீட்ட வாற ஆக்கள் இருக்காங்க, அப்பிடி வராதீங்க, எலும்பு முறிஞ்சது பாரிய காயம் எண்டு அந்த ரிப்போட்டுல வந்தா பொலிஸ் போடுற குற்றச்சாட்டும் மாறும்.

எவ்வளவு கேக்கலாம் எண்டு கேட்டீங்க. தொகை சொன்னா அது ஊகம்தான், எதெல்லாம் சேக்கிறது எண்டு சொல்றன். அரசாங்க ஆஸ்பத்திரில காசு எடுக்கல்ல, அதால செலவே இல்ல எண்டு நம்ம ஆக்கள் நினைக்கிறாங்க. வெளிய எடுத்த ஸ்கேன், வாங்கின மருந்து, ஊண்டுகோல், கிளினிக்குக்குப் போய்வாற ஹயர், பக்கத்துல நிண்ட அக்காட சாப்பாடு, அவ வேலைக்குப் போகாத நாள் எல்லாம் நட்டம்தான், துண்டு எல்லாத்தயும் ஒரு பைல்ல போடுங்க. பொறகு மச்சான்ட உழைப்பு. ஓட்டோக்காரருக்கு சம்பளச் சீட்டு இல்ல, அங்கதான் எதிர்ப்பக்கம் பிடிக்கும். பாடசாலைப் பிள்ளைகள ஏத்துற மாச ஹயர் இருந்தா அந்தத் தாய் தகப்பன்மார்ட கடிதம், லீசிங் மாசாமாசம் கட்டின ரிசீட், ஓட்டோச் சங்கத்துக் கடிதம், கிராம சேவகர்ட கடிதம் இப்பிடிச் சேத்துக் காட்டலாம், லீசிங் மாசம் 30,000 தவறாமக் கட்டின ஆள் மாசம் 15,000 உழைச்சார் எண்டு யாரும் சொல்லேலாது. இதுக்கு மேல இனி உழைக்க ஏலாமப் போற பங்கு, வேதனை, முழங்கால் மடிச்சி இருக்க ஏலாமப் போறது, எல்லாம் சேரும். இனி உழைக்க ஏலாத பங்கக் கணக்கெடுக்க டொக்டர் நிரந்தர ஊனம் இத்தன வீதம் எண்டு எழுதிக் குடுக்கணும், அது கால் ஆறி முடிஞ்ச பொறகுதான் சொல்லலாம், அதாலதான் இப்ப கையெழுத்து வேணாம் எண்டன்.

உயிரிழப்பு நடந்த குடும்பம் யாரும் இத வாசிச்சா அவங்களுக்கு ஒரு வரி. முந்தி நம்ம சட்டத்துல செத்தவர்ட உழைப்ப நம்பி இருந்த நட்டத்த மட்டும்தான் கேக்கலாம், சின்னப் பிள்ள செத்தா கிட்டத்தட்ட ஒண்டுமில்ல எண்ட நிலம. உச்ச நீதிமன்றம் 2001ல ஒரு வைத்தியக் கவனயீன வழக்குலயும் அதத்தான் சொன்னது. 2019ல 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பொறகு அன்பையும் அரவணைப்பையும் இழந்ததுக்கும் நெருங்கிய உறவு நட்டஈடு கேக்கலாம். அடிச்ச வாகனம் எதெண்டே தெரியாட்டி வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைட நிதியில இருந்து ஒரு தொகை எடுக்கிற வழியும் இருக்கு. மச்சான்ட கேஸ்ல லொறியும் வேனும் தெரிஞ்ச வாகனம், அதால அவருக்கு அந்த வழி தேவைப்படாது.

ஓட்டோ சேதம் தனி. புல் இன்சூரன்ஸ் (தன்ட வாகனச் சேதத்துக்கும் கட்டுறது) இருந்தா தன்ட கம்பனிட்டயே எடுத்திட்டு விடலாம், அவங்க லொறிக் கம்பனிட்ட திருப்பி எடுப்பாங்க. மூன்றாம் தரப்பு மட்டும் எண்டா லொறி இன்சூரன்ஸ்ட்டதான் கேக்கணும், அவங்கட அசெசர் (சேதத்த மதிப்பிடுற ஆள்) பாக்க முதல் கராஜ்ல குடுத்து தகரத்த அடிக்க விடாதீங்க, பொருள் சேதத்துக்கு அந்த பொலிசில ஒரு உச்சத்தொகை இருக்கும், அதுக்கு மேல வந்தா மீதிய முதலாளிட்ட கேக்கணும். இன்சூரன்ஸ்காரர் சேதத்துக்கு செக் தாற நேரம் நீட்டுற பேப்பரயும் வாசிங்க, "வாகனச் சேதத்துக்கு மட்டும்" எண்டு இருக்கணும், காயத்தயும் சேத்து முடிச்ச மாதிரி எழுதியிருந்தா அந்த வரிய வெட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் செக்க வாங்கணும்.